14.99 கிராம்

2025 செப்டம்பர் 25 அன்று சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் தட்சிணாமூர்த்தி காத்தையா தூக்கிலிடப்பட்டார். இரண்டு வாரம் ஆவதற்குள், அக்டோபர் 8 அன்று, பன்னீர்செல்வம் பரந்தாமன். இருவரும் மலேசியத் தமிழர்கள். இருவரும் நாற்பதைத் தொடாதவர்கள். முன்னவர் 2011இல் பிடிபட்ட வழக்கில் கணக்கிடப்பட்ட தூய ஹெராயின் 44.96 கிராம். பின்னவர் 2014இல் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாகக் கொண்டுவந்தது 51.84 கிராம். சட்டம் வைத்திருக்கும் எல்லை 15 கிராம். அதைத் தாண்டினால் தூக்கு.

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருப்பவர்கள், “இந்த அளவுக்குப் போய் உயிரையா எடுப்பார்கள்?” என்கிறார்கள். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவில் காபிக்கடையில் கேட்டால் வேறு பதில் வரும். “தெரிந்துதானே கொண்டுவந்தான்?” என்பார் பெரியவர் ஒருவர். விமானம் சாங்கியில் இறங்கும் முன்பே அறிவிப்பு வரும் ஊரில், தெரியாது என்று யார் சொல்ல முடியும் என்பது அவர் கேள்வி. அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. எழுபதுகளைப் பார்த்தவராக இருக்கலாம்.

இந்த விவாதத்தில் இரண்டு விஷயங்கள் ஒரே முடிச்சில் கிடக்கின்றன. போதைப்பொருள் தடை ஒன்று, கட்டாய மரண தண்டனை மற்றொன்று. தடை பலிக்கிறது, ஆகவே தூக்கு வேண்டும் என்கிறது அரசு. தூக்கு கொடுமை, ஆகவே தடையே தோல்வி என்கிறார்கள் எதிர்ப்பாளர்களில் சிலர். இரண்டு ‘ஆகவே’யும் எனக்கு ஒப்புதல் இல்லை. சிங்கப்பூரில் தடை பலிக்கிறது. அதைப் பலிக்கவைப்பது தூக்குக் கயிறு இல்லை.

முதலில் பலிப்பதைப் பேசுவோம். அதை ஒப்புக்கொள்ளாமல் மேலே பேசினால் சிங்கப்பூரில் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். 1972இல் ஹெராயினுக்காகக் கைதானவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மூன்றே ஆண்டில் அந்த எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியது. மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு 1971இல் உருவானது. போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம் 1973இல் வந்தது. 1975இல் உள்துறை அமைச்சர் சுவா சியன் சின் காலத்தில் அதில் மரண தண்டனை ஏறியது. 1977இல் ‘ஆப்பரேஷன் ஃபெரட்’ என்ற பெயரில் நாடு முழுவதும் வேட்டை. தொண்ணூறுகளில் ஆண்டுக்கு ஆறாயிரம் பேர் வாக்கில் கைதானார்கள். இன்று மூவாயிரம் பேர் வாக்கில். இடையில் மக்கள்தொகை கூடியிருக்கிறது. நள்ளிரவில் சிராங்கூன் சாலையிலிருந்து ரேஸ் கோர்ஸ் சாலைக்குக் குறுக்குச் சந்து வழியாக நடந்து போகும் பெண்ணுக்கு ஊசி மிதிபடும் பயம் இல்லை. மேற்கத்திய நகரங்கள் பலவற்றில் இதைச் சொல்ல முடியாது.

தேக்கா வட்டாரத்தில் இன்று கண்ணில் படும் தடை அறிவிப்பு மதுவுக்குத்தான். அங்கே 2013 டிசம்பர் 8 அன்று நடந்த கலவரத்துக்குப் பிறகு முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, மதுவையும் ஒரு காரணமாகச் சொன்னது. 2015 ஏப்ரலில் லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள் ஆயின. வார இறுதி முழுக்கப் பொது இடத்தில் குடிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டுமே விடுமுறை கிடைக்கும் கட்டுமான ஊழியர்தான் இந்தத் தடையின் முதல் ஆள் என்பதில் எனக்கு இன்னும் ஒரு நெருடல் உண்டு. ஆனாலும் சட்டம் நிற்கிறது, தெருவும் அமைதியாக இருக்கிறது.

தடை என்றால் என்னவென்று தமிழ்நாட்டுக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971இல் கருணாநிதி அரசு அதைத் தளர்த்தியது. பிறகு போட்டார்கள், எடுத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடம் அது. உடனே என்ன செய்தோம்? சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனைவரை கடுமையாக்கினோம். கருணாபுரத்தில் சாராயம் விற்றவருக்குத் தண்டனை குறைவு என்ற தைரியம் காரணமா, பிடிபடமாட்டோம் என்ற தைரியம் காரணமா என்று யாரும் நின்று கேட்கவில்லை.

சிங்கப்பூரின் பலம் அந்த இரண்டாவது தைரியத்தை ஒழித்ததில் இருக்கிறது. மலேசியாவிலிருந்து தரைவழியாக உள்ளே வர இரண்டே வழி, உட்லண்ட்ஸும் துவாஸும். லஞ்சத்துக்கு எளிதில் மசியாத அதிகாரிகள் அங்கே நிற்கிறார்கள். மறுவாழ்வு நிலையத்திலிருந்து வெளியே வந்தவர் குறித்த நாளில் போய்ச் சிறுநீர் கொடுக்க வேண்டும், போகாவிட்டால் அதுவே குற்றம். முடியை வெட்டிச் சோதித்தால் மாதங்களுக்கு முன் உட்கொண்டதும் தெரிந்துவிடும். குடிமகனோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் உட்கொண்டாலும் இங்கே குற்றம்தான். 2022இல் தாய்லாந்து கஞ்சாவைத் திறந்துவிட்டபோது பேங்காக் போய்வந்த இளைஞர்கள் இந்தப் பிரிவைப் புதிதாகத் தெரிந்துகொண்டார்கள். சலிப்பூட்டும், அன்றாட, அலுக்காத கண்காணிப்பு இது. தலைப்புச் செய்தி ஆகாது. தடையைத் தாங்கிப்பிடிப்பது இதுதான்.

இந்தக் கண்டிப்பான ஊர் ஒரு காலத்தில் அபினில் வயிறு வளர்த்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஃபார்குவார் 1820இலேயே அபின், சாராய விற்பனை உரிமைகளை ஏலம் விட்டார். பிறகு கள்ளுக்கும் பங்கிக்கும் தனிக் குத்தகை வந்தது. அதன் வாடிக்கையாளர்கள் யார் என்று நமக்குத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பல ஆண்டுகளில் அரசு வருமானத்தில் பாதியை ஒட்டிய பங்கு அபினிலிருந்து வந்தது. 1910 முதல் அரசே நேரடியாகச் சமைத்து விற்றது. பாசிர் பாஞ்சாங்கில் ஆலையை ஒட்டிய குன்றுக்கு இன்றும் புக்கிட் சந்து என்றே பெயர். மூட்டை தூக்கிய சீனக் கூலியின் முதுகுவலிக்கு மருந்து விற்றதும் அரசே, அதில் லாபம் பார்த்ததும் அரசே. போருக்குப் பிறகுதான் தடை வந்தது. ஆகவே விற்பதா தடுப்பதா என்ற கேள்வி இங்கே ஏட்டுக் கேள்வி இல்லை. இரண்டையும் செய்து பார்த்த ஊர். விற்ற காலத்துக்கு யாரும் திரும்ப விரும்பவில்லை, நானும்தான்.

இனி கயிற்றுக்கு வருவோம்.

15 கிராம் என்பது பொட்டலத்தின் எடை இல்லை. பொட்டலத்தில் பழுப்புப் பொடி நூற்றுக்கணக்கான கிராம் இருக்கலாம். அதில் தூய டயாமார்ஃபின், அதாவது ஹெராயின், எவ்வளவு என்று அரசு ஆய்வகம் பகுத்துச் சொல்லும் எண்தான் உயிரைத் தீர்மானிக்கிறது. தொடையில் கட்டிக்கொண்டு வருபவருக்கு அந்த எண் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை. கட்டிவிட்டவருக்கு ஓரளவு தெரியும், ஆனால் அவர் எல்லையைத் தாண்டி வருவதில்லை. இரண்டு கிராமுக்கு மேல் வைத்திருந்தால் விற்கத்தான் வைத்திருந்தார் என்று சட்டம் அனுமானிக்கும். கையில் இருந்தால் என்னவென்று தெரிந்தே வைத்திருந்தார் என்றும் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது பிடிபட்டவர் பொறுப்பு.

சிங்கப்பூர் நீதிமன்றச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்கள் ஓர் எண்ணை அடிக்கடி பார்த்திருப்பார்கள்: “14.99 கிராமுக்குக் குறையாத டயாமார்ஃபின்.” பகுப்பாய்வில் கச்சிதமாக 14.99 வந்துவிழும் தற்செயல் இல்லை அது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் குற்றச்சாட்டைக் குறைத்து, ஆளைத் தூக்கிலிருந்து இறக்கிவிடும் எண். இருபது, முப்பது ஆண்டு சிறையும் பதினைந்து பிரம்படியும் கிடைக்கும், உயிர் இருக்கும். அந்த எண்ணைக் கண்டு நான் குறை சொல்லமாட்டேன். அது கருணை. ஆனால் கருணை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆளுக்கு ஆள், வழக்குக்கு வழக்கு எடைபோட்டுப் பார்க்கும் அதிகாரம் சிங்கப்பூரில் இல்லாமல் இல்லை. அது திறந்த நீதிமன்றத்தில் காரணம் எழுதித் தீர்ப்பளிக்கும் நீதிபதியிடம் இல்லை, காரணம் சொல்லத் தேவையில்லாத தலைமைச் சட்ட அதிகாரியின் அலுவலகத்தில் இருக்கிறது.

2013 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தம் நீதிபதிக்கும் கொஞ்சம் இடம் கொடுத்தது. பொருளைச் சுமந்து வந்ததைத் தவிர வேறு பங்கு இல்லை என்று நிரூபிக்க வேண்டும். அத்துடன் மனநலக் குறைபாடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடத்தலை முறியடிக்கக் கணிசமாக உதவினார் என்று அரசுத் தரப்பு சான்றிதழ் தர வேண்டும். அப்போதுதான் ஆயுள் தண்டனை கொடுத்து நீதிபதி அவர் உயிரைக் காக்கலாம். இந்தச் சான்றிதழில்தான் கோளாறு. கும்பலில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறாரோ அவ்வளவு தகவல் இருக்கும், அதைக் கொடுத்துத் தப்பலாம். அடிமட்டத்தில் இருப்பவருக்குத் தெரிந்தது ஒரு பட்டப்பெயரும் தூக்கியெறியப்பட்ட ஒரு கைப்பேசி எண்ணும். முதலில் சொன்ன பன்னீர்செல்வம் பரந்தாமன் தகவல் கொடுத்தார். சான்றிதழ் கிடைக்கவில்லை.

ஈப்போக்காரரான நாகேந்திரன் தர்மலிங்கம் 2009 ஏப்ரலில் உட்லண்ட்ஸில் பிடிபட்டபோது தொடையில் கட்டியிருந்தது 42.72 கிராம் ஹெராயின். சோதனையில் தெரிந்த நுண்ணறிவு ஈவு 69. கடன் கேட்கப் போன இடத்தில் மிரட்டிக் கட்டிவிட்டார்கள் என்றார். நீதிமன்றம் நம்பவில்லை, செய்வது இன்னதென்று அறிந்தே செய்தார் என்றது. அவர் அறிந்திருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2022 ஏப்ரல் 27 அன்று அவரைத் தூக்கிலிட்டதால் அந்தக் கும்பலுக்கு என்ன இழப்பு? அடுத்த வாரமே இன்னொரு மோட்டார் சைக்கிள், இன்னொரு கடன்காரப் பையன். தங்கராஜு சுப்பையா சிங்கப்பூரர். 2023 ஏப்ரல் 26 அன்று தூக்கிலிடப்பட்டார். ஒரு கிலோவைச் சற்றே தாண்டிய கஞ்சா அவர் கைக்கு வந்ததே இல்லை. இரண்டு தொலைபேசி எண்கள் அவரை வழக்கோடு இணைத்தன. வாக்குமூலம் எடுத்தபோது தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டும் கிடைக்கவில்லை என்றார், நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இன்னும் பின்னால் போனால் 2005 மே மாதம் சண்முகம் முருகேசு. ஜெட் ஸ்கீ போட்டியில் சிங்கப்பூரின் சார்பில் உலக அரங்குக்குப் போனவர், இரட்டைப் பிள்ளைகளின் தகப்பன், ஒரு கிலோ கஞ்சாவுக்காக.

தூக்கில் ஏறியவர்கள், அவர்களில் சிலருக்காக வாதாடிய வழக்கறிஞர் எம். ரவி, சட்டத்தை உலக மேடைகளில் தளராமல் காத்துப் பேசும் உள்துறை அமைச்சர் கா. சண்முகம். எல்லாப் பக்கமும் தமிழ்ப் பெயர்கள். ஆனாலும் நம் சங்கங்களின் மேடைகளில், பொங்கல் விழா உரைகளில் இது வாய்திறந்து பேசப்படுவதில்லை.

அமைச்சர் சண்முகத்தின் வாதத்தை உள்ளபடியே வைக்கிறேன். ஒரு கடத்தல்காரரின் குடும்பத்துக்காக உலகமே அழுகிறது, அவர் கொண்டுவந்த பொருளால் சிதைந்த குடும்பங்களுக்கு முகம் இல்லை என்கிறார். அந்த முகங்களுக்காகவே 2024 முதல் மே மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை நினைவுநாளாக ஆகியிருக்கிறது. இது நேர்மையான வருத்தம். சான்றும் வைக்கிறார்கள். 1990இல் 1,200 கிராமுக்கு மேல் அபின் கடத்தினால் கட்டாய மரணம் என்று ஆனதும், அடுத்த நான்காண்டில் கடத்தப்பட்ட அபினின் சராசரி எடை 66 விழுக்காடு குறைந்தது என்கிறது உள்துறை அமைச்சு.

எடை குறைந்தது உண்மை. எடையை எல்லைக்குக் கீழே வைத்துக் கட்டக் கற்றுக்கொண்டார்கள் என்பதும் அதற்குள் இருக்கிறது. பொட்டலம் சிறுத்ததா, பொட்டலங்கள் குறைந்தனவா? சராசரி எடை அந்தப் பதிலைத் தராது. வேறொரு சோதனை தானாகவே நடந்தது. சட்ட மறுஆய்வுக்காக 2011 ஜூலை முதல் 2014 ஜூலை வரை சிங்கப்பூரில் யாரையும் தூக்கிலிடவில்லை. அந்த மூன்றாண்டில் கைது எண்ணிக்கை சற்று ஏறியது, சற்று இறங்கியது. மூவாயிரத்துச் சொச்சத்தை விட்டு நகரவில்லை. 2022இல் தூக்கிலிடப்பட்டவர்கள் பதினொரு பேர், அத்தனையும் போதைக் குற்றம். 2025இல் அதைவிட அதிகம். கைது எண்ணிக்கை இன்னமும் மூவாயிரத்துச் சொச்சம்தான். சட்டப் புத்தகத்தில் தண்டனை இருந்ததே போதும், நிறைவேற்றுவதைத்தான் நிறுத்தினோம் என்று அரசு பதில் சொல்லலாம். சரி, அப்படியென்றால் நிறைவேற்றாமலே இருக்கலாமே.

இதைவிட வலுவான சான்றை அரசே தன் கையால் எழுதியிருக்கிறது. 1998இல் மீண்டும் மீண்டும் பிடிபடும் போதைப் புழங்கிகளுக்கு ஐந்து முதல் பதின்மூன்று ஆண்டுவரை நீண்டகாலச் சிறையும் பிரம்படியும் கொண்டுவந்தார்கள். 2019இல் அதிலிருந்து ஒரு படி இறங்கி, வேறு குற்றம் செய்யாமல் உட்கொண்டவர் மூன்றாம் முறை வந்தாலும் மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பலாம் என்றார்கள். வானம் இடிந்து விழவில்லை. அடுத்து மின்சிகரெட். வைத்திருப்பதே 2018 முதல் குற்றம். 2025இல் அதற்குள் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து பரவியது, பிள்ளைகள் வாயில் ‘கேபாட்’. பறிமுதல் செய்து சோதித்ததில் மூன்றில் ஒன்றில் அது இருந்தது. பிரதமர் லாரன்ஸ் வோங் தேசிய தினக் கூட்டத்தில் இது இனி போதைப்பொருள் விவகாரம் என்றார். செப்டம்பர் 1 அன்று அதை மூன்றாம் வகுப்புப் போதைப்பொருளாகச் சேர்த்தார்கள். முதல்முறை பிடிபட்டால் அபராதமும் ஆலோசனையும், திரும்பத் திரும்ப வந்தால் வழக்கு, கடத்தி வந்து விற்றால் சிறையும் பிரம்பும். கண்டிப்பான தடை, கயிறு கிடையாது. ஒரு புதிய தொற்றைக் கண்டு பதறிய நேரத்தில்கூட அரசுக்கு இந்த அளவு போதும் என்று தோன்றியிருக்கிறது.

தடை எல்லா இடத்திலும் புத்திசாலித்தனமாக இல்லை. 2002இல் ஹெராயின் அடிமைகளுக்கு மாற்று மருந்தாக சுபுடெக்ஸை அனுமதித்தார்கள். கிளினிக்குகள் சில தாராளமாக எழுதித் தள்ளின, வாங்கியவர்கள் கரைத்து ஊசியில் ஏற்றினார்கள், கண்காணிப்பு இல்லை. 2006 ஆகஸ்ட் 14 அன்று ஒரே நாளில் அது முதல் வகுப்புப் போதைப்பொருள் ஆனது. மருந்து கெட்டதா, கொடுத்த விதம் கெட்டதா என்ற கேள்வியோடு கதவும் மூடிக்கொண்டது. பிரான்சும் ஹாங்காங்கும் மாற்று மருந்துச் சிகிச்சையைக் கட்டுப்பாட்டோடு இன்றும் நடத்துகின்றன. இன்னொன்று: நோயாளி போதைக்கு அடிமை என்று சந்தேகித்தால் ஏழு நாளுக்குள் மருத்துவர் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இங்கே விதி. மகன் எதையோ புகைக்கிறான் என்று தெரிந்த தாய் யாரிடம் போவார்? டாக்டரிடம் போனாலும் போலீஸிடம் போன மாதிரிதான் என்று நினைக்கும் வீடுகளில் அந்தப் பையன் வெளியே தெரிய ஆண்டுகள் ஆகும். அதற்குள் கஞ்சா, ‘ஐஸ்’ எனும் மெத்தம்பெட்டமின் ஆகியிருக்கும்.

அந்த வீடுகளில் நம் வீடுகள் கணிசம். சிங்கப்பூர்க் குடிமக்கள், நிரந்தரவாசிகளில் இந்தியர் நூற்றுக்கு ஒன்பது பேர். கைதாகும் புழங்கிகளில் நம் பங்கு அதைவிடத் தெளிவாக அதிகம். மலாய்ச் சமூகத்தின் நிலை இன்னும் மோசம், ஆனால் அவர்கள் அதைப் பள்ளிவாசலிலும் பேசுகிறார்கள். நாம் “பையன் வெளிநாட்டில் வேலை செய்கிறான்” என்று சொல்லிவிட்டுப் போகிறோம். மறுவாழ்வு நிலையத்திலிருந்து வெளியே வருபவர்களில் மூன்றில் அல்லது நான்கில் ஒருவர் இரண்டே ஆண்டில் திரும்பப் போகிறார். அவரைத் தடுப்பது சாங்கியின் மதில் உயரமோ அங்கே நடக்கும் தூக்கோ இல்லை. வேலை கிடைத்ததா, பழைய கூட்டாளி இருக்கும் அதே புளோக்குக்குத்தான் திரும்பினாரா, தங்கை கல்யாணத்துக்கு அழைத்தார்களா என்பதில் இருக்கிறது. 2004இல் தொடங்கிய மஞ்சள் நாடா திட்டம் இந்த வேலையைத்தான் செய்கிறது. இந்து அறக்கட்டளை வாரியம் 1999இல் தொடங்கிய ஆசிரமம் என்ற இல்லத்தில், சிறைக்கும் வீட்டுக்கும் நடுவில் தங்கி வேலைக்குப் போய்வரும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். கோயில் குடமுழுக்குக்கு அள்ளிக் கொடுக்கும் நம் வணிகர்களில் எத்தனை பேர் அங்கிருந்து ஒருவரைக் கல்லாவில் உட்காரவைப்பார்கள்? கல்லா வேண்டாம், கிடங்கில்?

ஜொகூர் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் வாக்கில். அதன் வடகரையில் 2023 ஜூலை முதல் கட்டாய மரண தண்டனை இல்லை. மலேசியா கடத்தலை மன்னித்துவிடவில்லை, தூக்கைச் சட்டத்திலிருந்து எடுத்துவிடவும் இல்லை. நீதிபதி ஆளைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றது, அவ்வளவுதான். பழைய தண்டனைகளை மறுஆய்வுக்கு எடுத்ததில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்கு அந்த வாய்ப்புத் திறந்தது. அதே பொட்டலம், அதே பையன். வடகரையில் பிடிபட்டால் நீதிபதி முன், தென்கரையில் பிடிபட்டால் சான்றிதழ் முன்.

சிங்கப்பூர் மலேசியாவைப் பார்த்து எதையும் செய்யாது, அது அதன் குணம். தன் சட்டத்தைத் தானே திருத்தட்டும். போதைப்பொருள் சட்டத்தின் 33பி பிரிவில் அரசுத் தரப்புச் சான்றிதழைக் கேட்கும் வரியை எடுத்துவிட்டு, உதவினாரா இல்லையா என்பதை நீதிபதியே விசாரித்து எழுதட்டும். இன்று 14.99 என்று குற்றப்பத்திரிகையில் எழுதப்படும் கருணைக்குத் தீர்ப்பில் காரணமும் எழுதப்படும். அதற்காக உட்லண்ட்ஸில் ஒரு மோப்ப நாயைக் குறைக்க வேண்டாம், சிறுநீர்ப் பரிசோதனையில் ஒரு நாளையும் குறைக்க வேண்டாம்.